பட்டாளத்திலிருந்து வந்தவரோடு பேசப் பழகியது: ஒரு டர்பன் அனுபவம்

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பட்டாளத்தில் இருந்தவர்கள் உண்டு. என் சித்தி மகளின் வீட்டுக்காரரும் அப்படித்தான். பென்ஷனோடு ஊர் திரும்பிக் கொஞ்ச காலம் ஆகிறது. "அக்கா, நீயும் மாமாவும் ஏதோ கிளாஸுக்குப் போனீங்களாமே, அதுல அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தாங்க? இங்க வீடு வீடாவே இல்ல, கேம்ப்பா இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று தோன்றியதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவள். டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் குடும்பம் நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறது. வீட்டுத் தமிழ் அவருக்குப் பேச வரும், படிக்க வராது. அதனால் இதையெல்லாம் அவரிடம் வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகுதான் போடுகிறேன். ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் இருந்தார். இங்கே 'ஆப்ஸ் மெடிக்' என்பார்கள். அடிபட்டு விழுந்தவனை அந்த இடத்திலேயே முதலில் தொடுகிற ஆள். அமைதிப் படையோடு புருண்டிக்குப் போனார், காங்கோவுக்குப் போனார். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்.

"சாட்ஸ்வொர்த் தமிழருக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று இங்கேயே கேட்கிறவர்கள் உண்டு. 1970களின் நடுவில் டர்பன் துறைமுகத்தில் இருக்கும் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு கடற்படைப் பயிற்சி நிலையம் நடந்தது. பெயர் ஜல்சேனா. இனவெறி அரசின் காலம் அது. அதில் சேர்ந்தவர்களை அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்தவர்கள் நிறைய. அதே தெருவிலிருந்து இன்னொரு பையன் அந்த அரசை எதிர்த்து இயக்கத்துக்குப் போயிருப்பான். 1994இல் பழைய ராணுவம், விடுதலை இயக்கங்களின் ஆயுதப் பிரிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படையாக்கினார்கள். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு சேர்ந்தவர். எங்கள் வகுப்பில் மூன்று வகையினரும் இருந்தார்கள். ஒரு காலத்தில் ஒருவரையொருவர் சுட்டிருக்கக் கூடிய இரண்டு பெரியவர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவரவர் மனைவி சொன்னதைத் திருப்பிச் சொல்லத் திணறியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

வீட்டில் முதலில் வந்த சண்டை காங்கோவைப் பற்றி அல்ல. மசாலா டப்பாவைப் பற்றி. டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் 'மாமியாரை ஒழிக்கும் மசாலா' என்று எழுதிவைத்துக் காரமான தூள் ஒன்று விற்பார்கள். எங்கள் மாமியே ஆசையாகக் கேட்டு வாங்கிவரச் சொல்வார். அதையும் சேர்த்து அடுக்களையில் இருந்த அத்தனை டப்பாவுக்கும் இவர் ஒரே நாளில் லேபிள் ஒட்டி, வாங்கிய தேதி எழுதி, ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கிவிட்டார். காலையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது, கடுகைக் காணோம். "என் சமையல்கட்டுல யாரைக் கேட்டுக் கை வெச்சீங்க?" என்றேன். "இத்தனை நாளா இது ஒழுங்கில்லாமத்தானே இருந்துச்சு" என்றார்.

அந்த 'இத்தனை நாளா'தான் விஷயம். இத்தனை நாளும் அந்த வீட்டை நடத்தியது யார்? பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை, கீஸர் வெடித்து மேல்தளம் ஒழுகியது, மாமியின் சர்க்கரைக்கு மாதாமாதம் கிளினிக் வரிசையில் நிற்பது, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பின்பக்க மதில் சரிந்தபோது ஆள் தேடிக் கட்டியது, எல்லாம் நான். அவர் இல்லாத வீட்டுக்கு ஒரு நடைமுறை உண்டாகிவிட்டது. அதற்குள் அவருக்கு எங்கே இடம் என்பதை யாரும் பேசவில்லை. அவருக்கோ வீடு கிளம்பிப்போன நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும் என்ற நினைப்பு. ஊருக்கு எழுதுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பட்டாளத்துக்காரர் வீடுகளில் பாதிச் சண்டைக்குக் காரணம் அவர் பார்த்துவிட்டு வந்த ரத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது வீட்டு நிர்வாகம் கைமாறுகிற சண்டை.

மற்றதும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கேட்டைப் போய்ப் பார்ப்பது. கல்யாண மண்டபத்தில் வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும் என்பது. தீபாவளி நெருங்கினால் ஒரு வாரத்துக்கு முன்பே முகம் இறுகிவிடுவது. இங்கே தீபாவளி முடிந்த கையோடு நவம்பர் 5இல் கை ஃபாக்ஸ் என்று வெள்ளைக்காரன் விட்டுப்போன இன்னொரு வெடித் திருவிழாவும் உண்டு, கேட்கவே வேண்டாம்.

"கவுன்சலிங் போகலாமா?" என்று கேட்டபோதெல்லாம் "எனக்கென்ன பைத்தியமா?" என்பார். பிளஃப் பகுதியில் ஒரு ஹாலில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடக்கிறது என்று அவருடைய பழைய சகா ஒருவர் சொன்னார். நடத்தியவர்கள் இருவர். ஒருவர் ராணுவத்தில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, இன்னொருவர் படையில் பாதிரியாராக இருந்தவர். அவர்கள் போனில் கூப்பிட்டபோது சிகிச்சை என்ற பேச்சையே எடுக்கவில்லை. "கோர்ஸ்" என்றார்கள். கோர்ஸ் என்றதும் இவர் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் முன்னதாகவே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். படையில் பாதி வாழ்க்கை கோர்ஸ்தானே.

அது தற்செயல் இல்லை என்று பிறகு தெரிந்தது. இந்தப் பாடங்களின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. டென்வர் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் மார்க்மன், ஸ்காட் ஸ்டான்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் தம்பதிகளுக்காக 'பிரெப்' என்ற பயிற்சியை உருவாக்கினார்கள். அமெரிக்க ராணுவத்தின் பாதிரியார்கள் அதை எடுத்து 'ஸ்ட்ராங் பாண்ட்ஸ்' என்ற திட்டத்தில் படைவீரர்களுக்கும் மனைவிமார்களுக்கும் நடத்தினார்கள். நோய், மருந்து, டாக்டர் என்ற பேச்சே இல்லாமல் 'பழகிக்கொள்ளக்கூடிய ஒரு திறமை' என்று வைத்ததால்தான் சிப்பாய்கள் வந்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அங்கே முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் பாதிரியார்கள் வேறொரு வகுப்பு நடத்துகிறார்கள். 'வாரியர் டு சோல் மேட்' என்று பெயர்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். ராணுவத் தம்பதிகள் 476 ஜோடியைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பிரெப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பயிற்சி எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 2 ஜோடியும், எடுக்காதவர்களில் சுமார் 6 ஜோடியும் விவாகரத்தாகியிருந்தார்கள். இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். இன்னொரு ராணுவத் தளத்தில் அதே பாடத்தை வைத்துப் பார்த்தபோது விவாகரத்தில் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எங்கள் சமூகப் பணியாளர் அம்மா இரண்டையும் சொன்னார். அதனாலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இனி கற்றுக்கொண்டதற்கு வருகிறேன்.

முதல் பயிற்சி, ஒருவர் பேச ஒருவர் கேட்பது. இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். விதி இதுதான். ஒரு பொருள், யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். அமெரிக்க வகுப்புகளில் தரைக்கு ஒட்டும் லினோலியத்தில் ஒரு துண்டைக் கொடுப்பார்களாம். எங்கள் வீட்டில் மத்துதான் கிடைத்தது. கையில் வைத்திருப்பவர் தன்னைப் பற்றி மட்டும், சின்னச் சின்னதாகச் சொல்ல வேண்டும். கேட்பவர் பதில் சொல்லக் கூடாது, சமாதானம் சொல்லக் கூடாது, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கேட் விஷயத்தை அப்படிப் பேசினோம்.

"ராத்திரி நீங்க எந்திரிக்கறப்ப எனக்கும் முழிப்பு வந்துடுது. அப்புறம் விடியற வரைக்கும் தூக்கமில்ல" என்றேன்.

"நான் கேட்டப் பாக்கக் கூடாதுங்கற."

"அப்படி நான் சொல்லல. மறுபடியும் சொல்றேன். எனக்குத் தூக்கம் போயிடுது."

கொஞ்ச நேரம் மத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எந்திரிச்சா உனக்கும் தூக்கம் போகுது. காலைல உனக்கு அசதியா இருக்கு."

அசதியை நான் சொல்லவே இல்லை, அவராகவே சேர்த்துக்கொண்டார். பிறகு மத்து அவர் கைக்குப் போனது. கேட்டைப் பார்க்காமல் படுத்தால் நெஞ்சுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும் என்றார். இந்த வீட்டில் தனக்கென்று மிச்சமிருக்கும் வேலை இது ஒன்றுதான் என்று தோன்றுவதாகவும் சொன்னார். அதை எதிர்பார்க்கவில்லை நான். மசாலா டப்பாவுக்கும் கேட்டுக்கும் ஒரே காரணம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இங்கே டர்பனுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாடத்தில், ராத்திரி எழுந்து பூட்டுகளைச் சரிபார்ப்பதை அளவுக்கு மிஞ்சிய விழிப்பு என்று போர் அதிர்ச்சியின் ஓர் அறிகுறியாகச் சொல்கிறார்கள். எங்கள் தெருவிலோ ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி, ஒவ்வொரு வீட்டுக்கும் அலாரம், துப்பாக்கியோடு வரும் காவல் கம்பெனியின் போர்டு. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆண்களெல்லாம் ராத்திரி எழுந்து எட்டிப் பார்க்கிறவர்கள்தான். இதில் எது போர் கொடுத்தது, எது ஊர் கொடுத்தது? வகுப்பில் இதை ஒரு ஜூலு அம்மா கேட்டார். அதற்குக் கிடைத்த பதில் எனக்குப் பிடித்தது: "எதனால் வந்தது என்று பிரிக்க வேண்டாம். அதனால் வீட்டில் யாருக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் பேசுங்கள்." இப்போது பத்து மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். சில ராத்திரி மறுபடியும் எழுந்து போகிறார்தான். ஆனால் என்னை எழுப்பாமல் போக வழி கண்டுபிடித்துக்கொண்டார்.

இரண்டாவது, சண்டையை நிறுத்தி வைப்பது. இது நம் வீடுகளில் ரொம்பக் கஷ்டம். ஒருவர் பேச்சின் நடுவே எழுந்து போனால் அது அவமானம், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதாகக் கணக்கு. பின்னாலேயே போய்க் கேட்காவிட்டால் நமக்கும் தலை வெடித்துவிடும். வகுப்பில் சொன்ன விதி, எழுந்து போகிறவர் எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச வேண்டும். திரும்பி வராமல் விட்டால் அடுத்த தடவை அந்த அனுமதி செல்லாது.

ஏன் என்று ஜான் காட்மன் என்ற ஆராய்ச்சியாளர் சொன்ன காரணத்தை விளக்கினார்கள். சண்டையில் நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது. உடம்பு அடங்க இருபது நிமிஷமாவது வேண்டும், அந்த இருபது நிமிஷத்தில் மனசுக்குள் அதே சண்டையை ஓட்டிக்கொண்டிருந்தால் அடங்காது. எனக்கு இது வெறும் தகவல். இவருக்கு இது தொழில். அன்று சாயங்காலமே ஏதோ வாக்குவாதத்தின் நடுவில் இரண்டு விரலைத் தன் மணிக்கட்டில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, "நூத்திப் பத்து" என்றார். பிறகு என் கையைப் பிடித்து எண்ணினார். எனக்கு அதற்கும் மேல்! "அரை மணி நேரம் கழிச்சு வரேன்" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போனார். வந்தார். 'கோபப்படாதே' என்று ஆயிரம் பேர் சொல்லிக் கேட்காத மனிதர், நாடி சொன்னால் கேட்கிறார். உங்கள் வீட்டுக்காரர் டிரைவராகவோ, சிக்னல்ஸிலோ, இன்ஜினியர்ஸிலோ இருந்திருக்கலாம். அவருடைய வேலையிலேயே இதற்கு ஏதாவது ஒரு பிடி இருக்கும், தேடிப் பாருங்கள்.

மூன்றாவதை 'தினசரி வெப்பநிலை பார்ப்பது' என்றார்கள். வர்ஜீனியா சட்டீர் என்ற குடும்பநல நிபுணர் வகுத்தது. நான் மேலே சொன்ன முன்னாள் படைவீரர் வகுப்புகளிலும் இதுதான் முக்கியப் பாடம். தினமும் கொஞ்ச நேரம், ஐந்து விஷயம், இதே வரிசையில். இன்றைக்கு உன்னிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. உனக்குத் தெரியாத செய்தி ஏதாவது. எனக்குப் புரியாமல் இருப்பது. ஒரு குறை, அதோடு அதற்குப் பதிலாக என்ன செய்தால் நல்லது என்ற வேண்டுகோள். கடைசியாக ஓர் ஆசை.

முதல் விஷயத்தில்தான் நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டோம். புருஷன் பெண்டாட்டிக்குள் பாராட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது? அந்நியர் மாதிரி இருக்கிறது. அவருக்கு இன்னும் மோசம். படையில் பாராட்டு வந்தால் பின்னாலேயே ஒரு வேலை வரும் என்பார். முதல் வாரமெல்லாம் "டீ நல்லா இருந்துச்சு" என்பதோடு நின்றது. நானும் "குப்பையை வெளில வெச்சீங்க" என்றேன். பரவாயில்லை, அதுவே போதும் என்றார்கள். ஒருநாள் அவர், "மதில் விழுந்தப்ப நீ ஆளு வெச்சுக் கட்டின இடத்தை இன்னிக்குப் பாத்தேன். நல்ல வேலை. நான் இருந்திருந்தா இவ்வளவு நல்லா செஞ்சிருப்பேனான்னு தெரியல" என்றார். அதைக் கேட்க நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவதாக வரும் 'புரியாமல் இருப்பது' நல்ல கண்டுபிடிப்பு. "ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டால் குற்றச்சாட்டு. "மாமா பேத்தி கல்யாணத்துல பாதியில கிளம்பிட்டீங்க, எதனாலன்னு எனக்குப் புரியல" என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டால், அவருக்கு விருப்பமிருந்தால் சொல்வார். சொல்லாவிட்டாலும் கேள்வி அங்கே இருக்கும்.

அங்கே என்ன நடந்தது என்று இவரிடம் கேட்டு வாங்க வேண்டும், வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்கு உபதேசம் செய்திருக்கிறார்கள். வகுப்பில் எங்கள் யாரிடமும் யாரும் அதைக் கேட்கவில்லை. போர்க் கதையைச் சொல்லவைப்பது இந்த வகுப்பின் வேலையே இல்லை. அதற்குத் தனியாகப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது இங்கே, இந்த வீட்டில், இன்றைக்கு நடப்பதைப் பேசும் முறை. அது வந்த பிறகு அங்கே நடந்ததில் ஒன்றிரண்டு தானாக வந்தது. வராத பாக்கி அவருடையது. எனக்கு அது வேண்டாம்.

2025 ஜனவரியில் காங்கோவின் கோமா நகரைச் சுற்றி நடந்த சண்டையில் எங்கள் தென்னாப்பிரிக்கப் படைவீரர்கள் 14 பேர் இறந்தார்கள். செய்தி வந்த அன்று டிவி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சோறு ஆறிப்போனது. வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி மூன்று கேள்வி மட்டும் கேட்டேன்: "பேசணுமா? பேசாம கூட உக்காரணுமா? தனியா இருக்கணுமா?" "உக்காரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பழைய சகாக்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார். நான் எழுந்துபோய்ச் சோற்றைச் சூடு பண்ணினேன். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை.

தீபாவளி கதை கொஞ்சம் வேறு. முன்பெல்லாம் அவருக்காகப் பிள்ளைகளை அடக்குவோம், வீட்டில் வெடி கிடையாது, விருந்தாளியும் கிடையாது. அன்பினால் செய்வதுதான். ஆனால் வீட்டார் இப்படிச் சுற்றிச் சுற்றி வளைந்துகொடுத்தால், பயமும் தன் இடத்தைப் பெருக்கிக்கொண்டே போகும் என்றார்கள். போர் அதிர்ச்சிக்குத் தம்பதியாகச் சேர்த்தே சிகிச்சை தரும் முறை ஒன்று உண்டு. கேண்டிஸ் மான்சன் என்ற உளவியலாளர் உருவாக்கியது, மொத்தம் 15 அமர்வுகள். அதில் இந்த வளைந்துகொடுத்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது ஒரு முக்கியமான பகுதியாம். நாங்கள் செய்தது அவ்வளவு பெரிதில்லை. முதலில் ஒரு தீபாவளிக்குத் தென்கரைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டோம். அடுத்ததற்கு வீட்டிலேயே இருந்தோம். எதிர்வீட்டுப் பையன்களிடம் எத்தனை மணிக்கு வெடிப்பீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுவைத்தார். தெரிந்து வருகிற சத்தம் அவரை அவ்வளவு தாக்குவதில்லை, தெரியாமல் வருவதுதான். அவர் என் தோளைத் தொட்டால் உள்ளே போகிறார் என்று அர்த்தம், நான் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இதே மனிதர் தைப்பூசக் காவடியில் மேளத்துக்கு நடுவே நின்று ஆடுவார், அதில் ஒன்றும் ஆகாது. எல்லாச் சத்தமும் ஒன்றில்லை. மனைவியாக நாம் ஊகித்துத் தடை போடுவதைவிட அவரையே கேட்பது நல்லது.

அமெரிக்கப் பாடத்தில் இடிக்கும் இடம் ஒன்று. அதில் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருக்கிறார்கள்! எங்கள் வீட்டில் மாமி உண்டு, நாத்தனார் பிள்ளைகள் வந்து போவார்கள், வெள்ளிக்கிழமை பூஜை, யாராவது இறந்தால் பதினாறு நாள் கூட்டம். மத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தால், "மோரா கடையப் போறே?" என்று மாமி கேட்பார். கார்தான் வழி. சாயங்காலம் புளூ லகூனில் கடலைப் பார்த்துக் காரை நிறுத்திவிட்டுப் பேசுவோம். டர்பன்காரர்களுக்கு அந்த இடம் தெரியும், ஆளாளுக்குக் காரில் உட்கார்ந்து ஏதாவது தின்றுகொண்டிருப்பார்கள், யாரும் யாரையும் கவனிப்பதில்லை. முகத்துக்கு முகம் பார்க்காமல், இருவரும் முன்னால் பார்த்தபடி இருப்பது இவருக்குச் சுலபமாக இருக்கிறது. இன்னொன்று, மாமிக்கு வகுப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டோம். சொல்லாமல் விட்டிருந்தால், மகனை மருமகள் எங்கேயோ கூட்டிப்போய் மந்திரிக்கிறாள் என்றாகியிருக்கும்.

யாருக்கு இது ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கை நீட்டும் வீட்டில், பயமுறுத்தும் வீட்டில் மத்தும் வேண்டாம், திருப்பிச் சொல்வதும் வேண்டாம். அங்கே மனைவி மனம் திறந்து பேசினால் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் அதற்கு அடி விழும். எங்கள் வகுப்பில் சேருமுன் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து இதைத்தான் முதலில் கேட்டார்கள். இங்கே 1998இன் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். இந்தியாவில் 2005இல் வந்த சட்டம் இருக்கிறது. அந்த வழியில் போங்கள். குடி கட்டுக்கு மீறியிருந்தால், செத்துப்போகிறேன் என்ற பேச்சு வந்தால், முதலில் டாக்டர். வகுப்பு பிறகு.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011இன் முன்னாள் படைவீரர் சட்டத்தில், போர் அதிர்ச்சி போன்ற பாதிப்புகளுக்கு ஆலோசனையும் சிகிச்சையும் பெற உரிமை எழுதியிருக்கிறது. பழைய ராணுவத்தில் இருந்தவர், எதிர்த்துப் போராடியவர், 1994க்குப் பின் சேர்ந்தவர் எல்லோரும் அதில் அடக்கம். சட்டம் ஒழுங்காக இருக்கிறது, நடைமுறைதான். எங்கள் ஃபைல் ஓர் அலுவலகத்தில் காணாமல் போய், மறுபடியும் எல்லாச் சான்றிதழும் கொடுத்தோம். எதைக் கொடுத்தாலும் ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வாங்கியவரிடம் தேதி போட்டு முத்திரை வாங்குங்கள். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் ஃபாம்ஸா என்ற குடும்பநல அமைப்பைக் கேட்டுப் பாருங்கள், டர்பனிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பென்ஷன் விஷயமாக எப்படியும் போவீர்கள். அங்கே இதையும் கேளுங்கள். நாலு பெண்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. உடனே ஒன்றும் கிடைக்காமல் போகலாம், ஆனால் யாரும் கேட்காத விஷயத்தை எந்த அலுவலகமும் தானாக ஆரம்பிக்காது.

வகுப்பே கிடைக்காவிட்டால் வீட்டிலேயே தொடங்கலாம். பணம், மாமியார், படுக்கை, குடி, இந்த நாலில் ஒன்றை எடுத்துத் தொடங்காதீர்கள். மசாலா டப்பா அளவுக்குச் சின்னதாக ஒன்றை எடுங்கள். பதினைந்து நிமிஷம், ஆளுக்குப் பாதி. கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு சரி, அன்றைக்கே தீர்வு தேட வேண்டாம். எங்களுக்கு இதுதான் கடைசிவரை கஷ்டமாக இருந்தது. பட்டாளத்துக்காரருக்குப் பிரச்சினை என்று ஒன்று காதில் விழுந்தால் உடனே உத்தரவு வாயில் வந்துவிடும். "இன்னிக்குக் கேக்கறது மட்டும்தான், முடிவு நாளைக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டு உட்காருங்கள். நேரம் முடிந்ததும் எழுந்து வேறு வேலையைப் பாருங்கள். மறுநாள் அவரே வந்து அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால், அப்போது தீர்வைப் பற்றிப் பேசலாம்.